ஆவணியில் கோடிக்கரை: முதன்முறையாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடிக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மார்கழி, தை என்றுதான் சொல்வார்கள். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க அது சரியான பதில். வலசை தொடங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆவணியிலும் புரட்டாசியின் முன்பாதியிலும் போக வேண்டும். வடக்கே சைபீரியாவில் கோடை முடியும்போதே, சேற்றில் இரை தேடும் கரைப் பறவைகளான உள்ளான்கள் கிளம்பிவிடுகின்றன. இனப்பெருக்கக் காலத்துச் செம்மை உடம்பில் திட்டுத் திட்டாக மிச்சமிருக்க, நம் கரையில் வந்து இறங்குகின்றன. மார்கழிக்குள் அந்தச் சிவப்பு முழுவதும் உதிர்ந்து, அத்தனையும் சாம்பல் நிறமாகிவிடும்.

நான் முதல்முறை போனபோது நாள், நேரம், இடம் மூன்றையும் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். உச்சிவெயிலில் சதுப்பின் முன்னால் நின்றேன். எதிரே ஆயிரக்கணக்கில் பறவைகள் இருந்தன. கானல் அலையில் அவை எல்லாம் கரும்புள்ளிகளாக நெளிந்தன. இரண்டு நாள் அலைந்து, பெயர் சொல்லத் தெரிந்தவை பத்துக்குள்தான். அதன்பிறகு நான்கு முறை போய்வந்துவிட்டேன். நான் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் இறுதிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த உள்ளான்கள் முன்னால் வரும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் பின்னால் வந்து சேரும். ஆகவே ஆகஸ்ட் இறுதியில் போனால் சிவப்புத் திட்டுள்ள வளர்ந்த பறவைகளையும், செப்டம்பர் பிற்பகுதியில் போனால் புத்தம்புது இறகோடு இருக்கும் இளம் பறவைகளையும் அதிகம் பார்க்கலாம். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரத்தைச் சொல்வேன். இரண்டும் கலந்து கிடைக்கும். காட்டுக்குள்ளும் வலசைப் பறவைகள் தலைகாட்டத் தொடங்கியிருக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நிலைமை மாறும். சதுப்பில் தண்ணீர் ஏறும், மண்பாதைகள் சேறாகும். அதற்கு முன் தண்ணீர் குறைவு. பறவைகள் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றியே கூடும். புதியவருக்கு இது பெரிய உதவி.

இந்தக் காலத்தில் இரண்டு தேதிகளைக் கவனித்துத் தவிர்க்க வேண்டும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகப்பட்டினம் பக்கம் வரும் பஸ்கள் நிரம்பி வழியும், அறை வாடகை ஏறும். அடுத்தது மகாளய அமாவாசை. அன்று கோடிக்கரைக் கடலில் நீராடித் திதி கொடுக்க அதிகாலையிலிருந்தே மக்கள் வருவார்கள். அது அவர்களுக்குரிய நாள். நாம் அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ போவதுதான் இருவருக்கும் நல்லது. அமாவாசை தேதி ஆண்டுதோறும் மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பூநாரையைப் பெருங்கூட்டமாகப் பார்க்கும் ஆசையோடு செப்டம்பரில் போகாதீர்கள். சில தென்படலாம். ஆயிரக்கணக்கில் பார்க்க நவம்பருக்குப் பிறகு தனியாக ஒரு பயணம் போடுங்கள்.

2. அனுமதி, ஆவணம்

கோடிக்கரை வன உயிரினச் சரணாலயம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தேவை. சுற்றுலா, புகைப்படம், ஆய்வு ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சாதாரணப் பார்வையாளருக்கு நடைமுறை எளிது: வாயிலில் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

எளிது என்று சொன்னாலும், நான் முதல்முறை மாட்டிக்கொண்டது இங்கேதான். கையில் அடையாள அட்டை இல்லை, சில்லறை இல்லை, கேமராவுக்குத் தனிக் கட்டணம் என்பதும் தெரியாது. காலையின் பொன்னான முக்கால் மணி நேரம் வாயிலிலேயே போயிற்று. நீங்கள் இவற்றைக் கையில் வைத்திருங்கள்:

- ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் அசலும், நகல்கள் இரண்டும். ஒன்று வாயிலுக்கு, ஒன்று விடுதிக்கு.
- வண்டியில் போனால் வண்டிப் பதிவுச் சான்றும் ஓட்டுநர் உரிமமும்.
- குழுவாகப் போனால் எல்லோர் பெயரும் வயதும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒரு தாள். பள்ளி, கல்லூரிக் குழுவென்றால் நிறுவனத்தின் கடிதம்.
- நூறு, ஐம்பது, பத்து ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய். ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு எனக் கட்டணம் தனித்தனியாகப் பிரியும். சமிக்ஞை கிடைக்காத இடத்தில் கைப்பேசியில் பணம் கட்டலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மூன்று கேள்விகள் போதும்: வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும்? எந்தப் பாதைகள் இப்போது திறந்திருக்கின்றன? உடன்வர வனத்துறை வழிகாட்டி கிடைப்பாரா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரோடு நடக்கும் ஒரு மணி நேரம், நாமாக அலையும் ஒரு நாளுக்குச் சமம். சரணாலயத்துக்குள் வனத்துறையின் 'பூநாரை இல்லம்' என்ற தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே தங்க விரும்பினால் அதற்கும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உப்பளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சதுப்பை ஒட்டியுள்ள உப்பளத் தேக்கங்களில் பறவைகள் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் நிறுவனங்களின் வசம் இருப்பவை. வனத்துறை ரசீது அங்கே செல்லாது. உரிய நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அனுமதி இல்லாவிட்டால் பொதுச் சாலையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு அதுவே தாராளம்.

3. பயணம், தங்குமிடம், செலவு

சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்கு இரவுப் பஸ் இருக்கிறது. ரயிலில் வருவோர் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ இறங்கிப் பஸ் மாறலாம். வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை பத்து, பதினோரு கிலோமீட்டர். ஊர்ப் பஸ் போகிறது என்றாலும் விடியும்போது நாம் காட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஆட்டோதான் வழி. முந்தைய நாள் மாலையே பேசி முடித்துவிடுங்கள். பேசும்போது 'கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்' என்று பேசாமல், 'அரை நாள் காத்திருந்து திரும்பக் கொண்டுவருவதற்கு' என்று பேசுங்கள். நான் போக மட்டும் பேசி, வெயிலில் நான்கு கிலோமீட்டர் நடந்த அனுபவம் உண்டு.

சென்ற ஆண்டு செப்டம்பரில் சென்னையிலிருந்து தனியாக இரண்டு நாள் போய்வந்ததில் எனக்கு ஆன செலவு: பஸ் போக வர ஆயிரத்துச் சொச்சம், வேதாரண்யத்தில் ஓர் இரவு அறைக்கு ஆயிரம், இரண்டு நாளும் அரை அரை நாள் ஆட்டோவுக்கு ஆயிரத்து அறுநூறு, சாப்பாட்டுக்கு அறுநூறு, அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து எழுநூறு. ஐயாயிரத்துக்குள் முடிந்தது. மூன்று பேர் சேர்ந்து போனால் அறையும் ஆட்டோவும் பங்காகிவிடும், ஆளுக்கு மூவாயிரத்தோடு நிற்கும்.

கோடிக்கரையில் காலை உணவுக்குக் கடையை நம்பாதீர்கள். வேதாரண்யத்தில் இட்லியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர், பலமுறை பயன்படுத்தும் பாட்டிலில். பிளாஸ்டிக் உறை எதையும் காட்டில் விடக் கூடாது.

4. தொலைநோக்கி

8x42 வாங்குங்கள். எட்டு என்பது உருப்பெருக்கம், நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். காட்டு நிழலுக்கும் திறந்த சதுப்புக்கும் ஒன்றாகப் பொருந்துவது இதுதான். தொடக்க நிலைத் தொலைநோக்கி ஏழாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அது பல ஆண்டு உழைக்கும்.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று சுற்றுலாத் தலங்களில் விற்பவை கையில் நடுங்கும், இருட்டாகத் தெரியும். நான் முதலில் அப்படி ஒன்றுக்குத்தான் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதைவிட, நண்பர் ஒருவரிடம் நல்ல தொலைநோக்கியை இரவல் வாங்கி முதல் பயணத்தை முடிப்பது மேல். முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய தூரநோக்கி சதுப்பில் மிகவும் உதவும். ஆனால் விலை அதிகம், முதல் ஆண்டில் அது வேண்டாம்.

வாங்கியதும் வீட்டு மாடியில் ஒரு வாரம் பழகுங்கள். காகத்தைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது கைவராமல் காட்டுக்குப் போனால், கிளையைத் தேடுவதற்குள் பறவை பறந்துவிடும்.

5. இரண்டு நாளைப் பிரிக்கும் முறை

காடும் சதுப்பும் அருகருகே இருப்பதுதான் கோடிக்கரையின் சிறப்பு. புதியவரைக் குழப்புவதும் அதுதான். இரண்டுமே விடியற்காலையைக் கேட்கின்றன. ஒரே காலையில் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

செப்டம்பரில் இங்கே ஆறு மணியை ஒட்டி விடிகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் சதுப்பின் மேல் கானல் எழத் தொடங்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு நல்ல தொலைநோக்கியாலும் பயனில்லை. ஒளியின் திசையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேதாரண்யம் சதுப்பு கோடிக்கரையிலிருந்து மேற்கே விரிந்து கிடக்கிறது. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும். கால் நிறம், அலகு நிறம் எல்லாம் துலங்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும், பறவைகள் வெறும் நிழலுருவங்களாகிவிடும்.

எனவே என் வரிசை இது. முதல் நாள் காலை காடு. பத்து மணிக்குத் திரும்பி ஓய்வு. மாலை மூன்றரை மணிக்கு முனியப்பன் ஏரிப் பக்கமும் காட்டு ஓரமும். இரண்டாம் நாள் விடியலில் நேரே சதுப்பு. ஒன்பது, ஒன்பதரை வரை. அதோடு மூட்டை கட்டிவிடலாம். மூன்றாம் நாள் கையில் இருந்தால் சதுப்புக்கே இன்னொரு காலையைக் கொடுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருவோர், கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத் தேடுவார்கள். இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. எங்கே கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் முக்கியம். சிறு உள்ளான்களின் கால் சில சென்டிமீட்டர் நீளம்தான். அவை அந்த விளிம்பில்தான் இரை தேடும். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று முதல் நாளே ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள்.

6. காட்டுக்குள்

இது வானுயர்ந்த காடு அல்ல. கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடு; பாலை மரங்களும் முட்புதர்களும் நெருங்கிக் கிடக்கும். நடந்துகொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பது அடி நடந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் நிற்கும் குட்டை கிடைத்தால் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள்.

வெண்புருவச் சின்னானும் பச்சைவாயனும் ஆண்டு முழுவதும் இருப்பவை. வலசை வருவனவற்றில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. நிழலில் சருகின் மேல் நடக்கும் என்பதால் தரையைக் கவனியுங்கள். பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், நீலவால் பஞ்சுருட்டான், மாங்குயில் ஆகியவையும் இந்த வாரங்களில் ஒவ்வொன்றாகச் சேரும். ஆறுமணிக்குருவிக்கு அக்டோபரில் வாய்ப்பு அதிகம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். முள்ளும் பாம்பும் ஒரு காரணம், புதருக்குள் இருக்கும் உயிர்களைக் கலைக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் போடுங்கள். திறந்த புல்வெளியில் வெளிமான் கூட்டமும், காட்டிலேயே பெருகிய குதிரைகளும் நிற்கும். நெருங்கிப் போய்ப் படம் எடுக்க முயல வேண்டாம். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வந்த பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலைந்து வீணாகும்.

7. சதுப்பில்

வெண்மையாக உப்புப் படிந்த தரை உறுதியானது போலத் தெரியும். காலை வைத்தால் உடையும், கீழே கருஞ்சேறு. முழங்கால்வரை புதைந்து, என் காலணி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வரப்பையும் மண்சாலையையும் தாண்டாதீர்கள்.

பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே உட்காருங்கள். பத்து நிமிடத்தில் அவை மறுபடி மேயத் தொடங்கி, தாமாகவே உங்களை நோக்கி வரும். பருந்து ஒன்று மேலே சுற்றினால் கூட்டம் எழும். அப்போது பதறாமல் இறக்கைப் பட்டைகளைப் பாருங்கள். தரையில் தெரியாத அடையாளங்கள் அப்போதுதான் தெரியும்.

நிழல் துளிகூட இல்லை. தொப்பியும் துண்டும் கட்டாயம்.

8. உள்ளான்களைப் பிரித்தறிதல்

பலரும் மனம் தளர்வது இங்கேதான். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். முதல் பயணத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க முயலாதீர்கள். ஏழெட்டை உறுதியாகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

முதலில் நடையைப் பாருங்கள், நிறத்தை அல்ல. உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். அலகு குட்டை, கண் பெரிது. உள்ளான் தலையைக் குனிந்தபடியே சேற்றைத் துழாவிக்கொண்டு போகும். இந்த ஒரு வேற்றுமையே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

அடுத்தது கால். ஒளி நன்றாக இருக்கும்போது சிவந்த கால் என்றால் பவளக்காலி. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு வெள்ளையாக மின்னும். அதைவிடச் சற்றுப் பெரிதாய், வெளிர்பச்சைக் காலோடு, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்காலி. பறக்கும்போது முதுகில் வெள்ளை ஆப்பு ஒன்று தெரியும். அளவுமீறி நீண்ட இளஞ்சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான், அதைத் தவறவிடவே முடியாது. சிட்டுக்குருவி அளவே இருந்து, கறுத்த காலோடு தையல் இயந்திரம் போல வேகவேகமாகக் கொத்தினால் கொசு உள்ளான்.

இனி, இந்தப் பருவத்தின் பரிசான வளைமூக்கு உள்ளான். கொசு உள்ளானைவிடப் பெரிது. கறுத்த அலகு நீண்டு, நுனியை நோக்கிக் கீழே வளைந்திருக்கும். ஆகஸ்ட் இறுதியில் வரும் வளர்ந்த பறவைகளின் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் சிவப்பு, வெள்ளைக்கு நடுவே திட்டுத் திட்டாக இருக்கும், சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல் சுவர் போல. ஒரே கூட்டத்தில் ஒன்று முக்கால் சிவப்பு, ஒன்று கால் சிவப்பு, ஒன்று முழுச்சாம்பல். நான் முதலில் இவற்றை மூன்று வெவ்வேறு இனம் என்று எழுதிவைத்தேன். இந்தப் பிழையைத் தவிர்க்க ஒரே வழி, நிறத்தை விட்டு அலகின் வடிவத்தையும் உடலளவையும் பிடித்துக்கொள்வது.

செப்டம்பரில் வரும் இளம் பறவைகளை முதுகைப் பார்த்துச் சொல்லலாம். ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய ஓரம் இருப்பதால் முதுகு மீன்செதில் அடுக்கியது போல நேர்த்தியாக இருக்கும். வளர்ந்த பறவைகளின் இறகோ தேய்ந்து கிழிந்து ஒழுங்கற்றுத் தெரியும்.

9. குறிப்பும் பதிவும்

இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை. சிறு நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். வியர்வையில் மை கரையும். பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்து, அந்த அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். ஐந்நூறுக்கு மேல் என்றால் ஐம்பது ஐம்பதாக.

அறைக்குத் திரும்பியதும், பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். இலவசம், கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாமல் 'உள்ளான் வகை' என்றே பதியலாம். அதுவும் பயனுள்ள பதிவுதான். மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பைச் சென்னையிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

உள்ளான்களின் காலைக் கூர்ந்து பார்க்கும்போது, பறவை எங்கிருந்து வந்தது என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ தென்படலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடிக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வெளிநாடுகளில் கொடி கட்டப்பட்ட பறவைகளும் இங்கே வருவதுண்டு. கண்டால் நான்கு விவரங்களை உடனே எழுதுங்கள்: எந்தக் கால், முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, கொடியின் நிறம், அதில் எழுத்தோ எண்ணோ இருந்தால் அது. மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் அந்தக் கழகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் அனுப்பியதற்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, அந்தப் பறவைக்கு எந்த நாளில், எந்த இடத்தில் கொடி கட்டினார்கள் என்ற விவரத்தோடு.